ஒற்றக்காவின் பிரிண்டர்

ஒற்றக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தவர்கள் பதிப்பகத்தில் பக்கம் அமைக்கிறவர்கள். புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவள் வேலை. ‘அழைத்து செல்’ என்று யாராவது அடித்திருந்தால் போதும், சாப்பாட்டில் கல் கடித்தாற்போல முகம் சுளிப்பாள். “இங்க ஒரு ஒற்று இருந்திருக்கணுமே, யாரு தூக்கிட்டுப் போனது?” என்பாள். முதலில் அந்தப் பெயரை அவள் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். ஒருநாள் யாரோ வாய் தவறி நேரிலேயே கூப்பிட, அவளும் சாதாரணமாகத் திரும்பிப் பார்த்துவிட்டாள். அதோடு பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்பவர்களிடம், “வந்த மாப்பிள்ளைங்க எல்லார்கிட்டயும் பிழை இருந்துச்சு, திருத்தி முடியல” என்று சிரித்து மழுப்புவாள். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில் அந்த வயது அவளைக் கேட்காமலே கடந்து போனது. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அம்மாவுக்குப் பிறகு தம்பியும் அவன் மனைவியும் அவளும் என்று ஒரே வீட்டில் இருந்தார்கள். முன்னறை அவளுடையது, பின்னறை அவர்களுடையது, நடுவில் ஒரு கூடம்.

தம்பி லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்து, அந்தப் பள்ளியை மூடிவிட்டதால் வீட்டோடு இருந்தாள். தெருவில் எல்லாரும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவே சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் ஒட்டுதலும் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் ஆரம்பித்தது அது. பெண் வீட்டார் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் காட்டிவிட்டுப் போகலாம் என்று கொண்டுவந்த தாளில், ஒற்றக்கா சிவப்புப் பேனாவால் அங்கங்கே சுழித்துத் திருப்பிக் கொடுத்தாள். அந்த வாசகத்தை எழுதியதே மணப்பெண்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. டீச்சர் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை, மறக்கவும் இல்லை.

பதிப்பகம் சின்னக் கட்டடத்துக்கு மாறியபோது, “அக்கா, நீங்க வீட்லருந்தே பாருங்க” என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கோப்புகள் மெயிலில் வரும். ஒற்றக்கா அவற்றைத் திரையில் பார்க்க மாட்டாள். “திரையில பிழை பதுங்கிக்கும், தாள்ல பதுங்க இடம் கிடையாது” என்பாள். அதற்காகவே ஒரு பிரிண்டர் வாங்கி, தன் கம்ப்யூட்டரோடு வயரில் மாட்டி, மேஜையின் வலது பக்கம் வைத்திருந்தாள்.

டீச்சர் பின்னறையில் டியூஷன் ஆரம்பித்தபோதுதான் அந்தப் பிரிண்டருக்கு இன்னொரு பங்காளி வந்தாள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சித் தாள்களை அடிக்க அவளுக்கும் பிரிண்டர் வேண்டியிருந்தது. “ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு? வைஃபை இருக்குல்ல, அதுலயே ரெண்டு கம்ப்யூட்டருக்கும் ஷேர் பண்ணிவிட்டுடறேன்” என்றான் தம்பி. “பன்னெண்டு மாடி ஏறி இறங்கறதையே சரி பண்றவன், இந்தப் பொட்டி என்ன பெரிய பொட்டி!”

பொட்டி பெரிய பொட்டியாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் முன்னறைக்கும் பின்னறைக்குமாக நடந்தான். அக்காவின் கம்ப்யூட்டரில் பிரிண்டரைத் தேடிப் பிடித்து ‘ஷேர்’ என்ற கட்டத்தில் டிக் போட்டான். பின்னறைக் கம்ப்யூட்டரிலோ அந்தப் பிரிண்டரின் வாசனையே இல்லை. பார்த்தால் பின்னறைக் கம்ப்யூட்டர் பக்கத்து வீட்டு வைஃபையில் தொற்றிக்கொண்டிருந்தது. என்றோ இணையம் இல்லாத ஒரு நாளில் கேட்டு வாங்கிய இணைப்பு, அப்படியே நின்றுவிட்டிருந்தது. அதைத் தன் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்ததும் பிரிண்டர் தலையைக் காட்டியது. ஆனால் பாஸ்வேர்ட் கேட்டது. அக்காவின் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டே கிடையாது. கிடையாது என்றால் உள்ளே விட மாட்டேன் என்று அது அடம் பிடித்தது. “சரி, ஒரு வார்த்தை சொல்லுக்கா.” “ஒற்றுன்னே வையேன்.” அவள் ஆங்கில எழுத்தில் அடித்து வைத்தாள். அவன் பின்னறைக்கு ஓடி அதே வார்த்தையை அடித்தான். தப்பு என்றது. மறுபடி அடித்தான். மறுபடியும் தப்பு.

“எத்தன ‘டி’ போட்ட?” என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

“ஒண்ணுதான்.”

“ஒற்றுலயே ஒற்ற விட்டுட்டியேடா!”

அன்றைக்கு டீச்சரும் சிரித்தாள். பின்னறையில் அவள் கட்டளை கொடுக்க, முன்னறையில் பிரிண்டர் முனகிக்கொண்டு எழுந்து ஒரு கூட்டல் கணக்குத் தாளைத் துப்பியது. ஒற்றக்கா அதைக் கையில் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிழை தேடுகிறாள் என்றுதான் மற்ற இருவரும் நினைத்தார்கள்.

அவள் தேடியது பிழையை அல்ல, எழுத்தை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அவள் கண்ணில் நேர்கோடுகள் வளைய ஆரம்பித்திருந்தன. கதவின் நிலை இடுப்பில் ஒடிந்து நின்றது. ஒரு சொல்லைப் பார்த்தால் அந்தச் சொல்லின் மேல் மட்டும் யாரோ ஈரவிரலால் தேய்த்துவிட்டது போல ஒரு மங்கல். பார்வையை நகர்த்தினால் மங்கலும் கூடவே நகர்ந்தது. தனியாகப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தாள். அவர் நல்ல மனிதர், இதமாகத்தான் சொன்னார். “நடுப்பார்வைதாம்மா போகும். ஓரப்பார்வை கடைசிவரைக்கும் இருக்கும். முழுசா இருட்டாயிடும்னு பயப்படாதீங்க.” மருந்து உண்டா என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார். ஓரப்பார்வையை வைத்துக்கொண்டு நடக்கலாம், சமைக்கலாம், பஸ் ஏறலாம். ‘ன்’னா ‘ண்’ணா என்று பார்க்க முடியாது. அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் சொல்லவில்லை. எழுத்தைப் பெரிதாக்கி அச்சிட ஆரம்பித்தாள். முதலில் கொஞ்சம் பெரிது. பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு ஒரு பக்கத்தில் பத்து வரிகூட இல்லாத அளவுக்கு. ஒரு புத்தகம் அவள் மேஜையில் மூன்று புத்தகமாக உயர்ந்தது. தாள் கட்டுகள் தீர்ந்தன, மை தீர்ந்தது. பார்த்து முடித்த தாள்களைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்து, தம்பி வேலைக்குப் போனதும் பழைய பேப்பர்காரரிடம் போட்டாள்.

பிரிண்டர் பொதுவானபின் இந்த ஒளிவுமறைவு கஷ்டமாகியது. பின்னறையிலிருந்து அச்சிட வேண்டுமானால் முன்னறைக் கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும். அது தூங்கிப்போகாதபடி தம்பி மாற்றி வைத்திருந்தான். நாள் முழுக்க அதன் திரை வெள்ளைவெளேர் என்று எரிந்து அவள் கண்ணில் குத்தியது. பத்து நிமிஷத்துக்கொரு தரம் டீச்சர் கதவைத் தட்டிக்கொண்டு வந்தாள். “அக்கா, என் பேப்பர் வந்துச்சா?” வந்திருக்காது. ஒற்றக்காவின் நூற்றுக்கணக்கான பக்கங்கள் வரிசையில் முன்னால் நின்றுகொண்டிருக்கும். “என்னக்கா, ராமாயணமா அடிக்கிறீங்க? பிள்ளைங்க வந்து உக்காந்திருக்காங்க.” “இதோ முடிஞ்சுடும்” என்பாள் அவள். முடியாது.

ஒருநாள் டீச்சர் அவசரத்தில் பிரிண்டர் தட்டிலும் மேஜையிலும் கிடந்ததை அள்ளிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டாள். கடைசி வரிசையில் ஒரு பெண் குழந்தை கையைத் தூக்கியது. “டீச்சர், எனக்கு மட்டும் பாப்பா புக்கு வந்திருக்கு.” எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் உயரம். ‘அணைக்கட்டின் தென்புறச் சுவரில் விரிசல் கண்ட’ என்று இருந்தது. குழந்தைகள் புத்தகத்தில் அணைக்கட்டில் விரிசல் வருமா? ஓரத்தில் சிவப்புக் கோடு ஒன்று. அது பிழையின் மேல் விழாமல் பக்கத்துச் சொல்லை அடித்திருந்தது. ஒற்றக்காவின் கோடு இடம் தவறி விழுந்து அவள் பார்த்ததே இல்லை.

பிள்ளைகள் போனபின் அந்தத் தாளோடு முன்னறைக்குப் போனாள்.

“அக்கா, உங்க பக்கம் ஒண்ணு என்கிட்ட வந்துடுச்சு.”

“வச்சுட்டுப் போம்மா.”

“எத்தன நாளா?”

“என்ன எத்தன நாளா?”

டீச்சர் கையை நீட்டி, விரல்களை விரித்து, ஒற்றக்காவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். ஒற்றக்கா அதைப் பார்த்தாள். விரல்கள் இருந்த இடத்தில் சாம்பல் பூத்த ஓட்டை ஒன்றுதான் இருந்தது. சுற்றிலும் புடவைக் கரையும் கண்ணாடி வளையலும் தெளிவாகத் தெரிந்தன. எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, “அவன்கிட்ட சொல்லிடாத” என்றாள்.

“சொல்லாம எப்படிக்கா?”

“அவன் அழுவான். அம்மா போனப்ப அழுதான் பாரு, அந்த மாதிரி அழுவான். எனக்கு அதத் தாங்க முடியாது.”

டீச்சர் அந்தத் தாளை மேஜைமேல் வைத்தாள். பிறகு, ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியாமல், “நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க” என்றாள்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. மத்தியானம் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு டீச்சர் முன்னறைக்கு வருவாள். கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவள் படிக்க, ஒற்றக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். காது சொற்றொடரின் கோணலைப் பிடித்தது, விட்டுப்போன வினைச்சொல்லைப் பிடித்தது, அவள் ஆயுசு பூராவும் துரத்திய ஒற்றைக்கூடப் பிடித்தது. ஆனால் எழுத்தைப் பிடிக்கவில்லை. டீச்சர் வாயில் மனமும் மணமும் ஒன்றாகவே வந்தன. ஒலியும் ஒளியும் ஒன்றாகவே வந்தன.

“நில்லு. எந்த ன?”

“ரெண்டு சுழி.”

“எந்த ல?”

“குண்டு ல இல்லக்கா, சாதா ல.”

“குண்டு ளன்னு யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?”

“எங்க டீச்சர்தான்.”

“நல்ல டீச்சர்.”

ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆயிற்று. தொண்டை வறண்டது. எரிச்சலில் டீச்சர் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போன நாட்களும் உண்டு. கொஞ்ச நேரத்தில் இரண்டு டம்ளர் டீயோடு ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வருவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த இரண்டு பேரும் இவ்வளவு நேரம் ஒரே அறையில் இருந்தது அந்தச் சில மாதங்களில்தான். அது சந்தோஷமா என்று கேட்டால் ஒற்றக்கா இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். பயத்தோடு பயமாக ஒரு துணை, அவ்வளவே.

கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருந்தார். நல்ல புத்தகம். அதன் எல்லாப் பக்கங்களையும் இருவரும் பார்த்து முடித்தார்கள். அனுப்பியும் ஆயிற்று. ஒரு பக்கம் மட்டும் கடைசியில் தனியாக வந்தது, சமர்ப்பணப் பக்கம். ‘அச்சுக்குப் போகணும் அக்கா, உடனே பாத்துச் சொல்லுங்க’ என்று மேனேஜர் எழுதியிருந்தார். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம். டீச்சர் தன் பயிற்சித் தாள்களை எடுக்க வந்தவள், அதையும் சேர்த்து எடுத்தாள். நின்றபடியே படித்தாள்.

“மறைந்த என் அம்மாவுக்கு. அவ்வளவுதான்க்கா.”

“வேற ஒண்ணும் இல்லியே?”

“ஒரே வரிதானே.”

சரி என்று பதில் போடச் சொன்னாள் ஒற்றக்கா. புத்தகம் அச்சாகி வெளிவந்தது. சில நாள் கழித்து மேனேஜர் போன் செய்தார். அவர் குரல் சாதாரணமாக இல்லை.

“அக்கா, அந்தச் சமர்ப்பணப் பக்கம்... நீங்கதானே பாத்தீங்க?”

“நான்தான் பாத்தேன். ஏன்?”

“ஃபாண்ட் மாத்தும்போது ‘ற’வுக்கு முன்னாடி இருந்த இணைக்கொம்பு விழுந்துடுச்சு. ‘மறந்த என் அம்மாவுக்கு’ன்னு வந்திருச்சு.”

மேனேஜர் தொடர்ந்து சொன்னார். அம்மா செத்தபோது அந்த மனுஷர் நடுக்கடலில் இருந்தாராம். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். பெத்தவளை மறந்துட்டான் என்று உறவெல்லாம் பேசிய பேச்சுக்குப் பதிலாகத்தான் அவர் அந்தப் புத்தகத்தையே எழுதினாராம். முதல் பிரதியை அம்மாவின் தங்கையிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அந்தச் சித்தி பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மூடி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

“தப்பு என்னுதுதான்” என்றாள் ஒற்றக்கா. “என் தப்பு மட்டும்தான்.”

போனை வைத்தபின்தான் டீச்சர் கதவோரம் நிற்பது தெரிந்தது. நின்றுகொண்டிருந்தவள் உள்ளே வந்து, இழுப்பறையைக் குடைந்து அந்தத் தாளைத் தேடி எடுத்தாள்.

“மறந்தன்னுதான் இருக்கு. சத்தியமா நான் மறைந்தன்னுதான் படிச்சேன்கா. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது.”

“தெரியும்மா.”

“எப்படிக்கா? கண்ணு நல்லாத்தானே இருக்கு எனக்கு?”

“எழுதியிருந்தத நீ படிக்கல. எழுதியிருக்க வேண்டியதப் படிச்ச. நல்ல கண்ணு எல்லாம் அப்படித்தான் படிக்கும். எனக்குத்தான் அப்படிப் படிக்காத கண்ணு இருந்துச்சு. அதுக்குத்தான் அவங்க என்னை வச்சிருந்தாங்க.”

டீச்சர் அழுதாள். ஒற்றக்கா அழவில்லை. மறுநாள் அவள் பதிப்பகத்துக்குப் போயே தீருவேன் என்றாள். டீச்சரும் கூடப் போனாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படியைத் தவறவிட்டு ஒற்றக்கா தடுமாற, டீச்சர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பின் விடவில்லை.

கப்பல்காரர் அங்கே உட்கார்ந்திருந்தார். பிரதிகளையெல்லாம் திரும்ப வரவழைத்து, அந்தப் பக்கத்தை வெட்டிப் புதுப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அறை முழுக்கப் பசை வாடை. ஒற்றக்கா அவருக்கு முன்னால் போய் நின்று, “நான்தாங்க பிழை பாத்தவ. மன்னிச்சுக்கணும்” என்றாள். தன் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீச்சர் வாயெடுத்தாள், ஒற்றக்கா அவள் கையை இறுக்கி நிறுத்தினாள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “ஒட்டிட்டாங்கம்மா, சரியாப் போச்சு” என்றார். சற்று நேரம் கழித்து, “சித்திகிட்ட மட்டும் ஒட்ட முடியாது” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேனேஜர் டீ வரவழைத்தார், “கொஞ்ச நாள் ஓய்வெடுங்கக்கா” என்றார். அடுத்த புத்தகத்தைப் பற்றி அவர் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. பக்கம் அமைக்கிறவர்கள் எழுந்து வாசல்வரை வந்தார்கள். எப்போதும் போல யாராவது ஒற்றக்கா என்று கூப்பிடுவார்கள் என்று அவள் ஒரு நிமிஷம் தாமதித்தாள். எல்லாரும் மரியாதையாக, “போயிட்டு வாங்கம்மா” என்றார்கள்.

அன்று சாயங்காலமே தம்பியிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவன் அழுதான். அவள் பயந்தது போலவே, கூடத்துச் சுவரில் சாய்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். பிறகு மனைவியிடம், “உனக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல” என்று கத்தினான். பிறகு வேறு டாக்டர், வேறு ஆஸ்பத்திரி என்று அலைந்தான். எல்லாரும் முதல் டாக்டர் சொன்னதையே வேறு வேறு நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்கள்.

ஒரு விடுமுறை நாளில் ஒற்றக்காவே அவனைக் கூப்பிட்டு, “பிரிண்டர எடுத்துட்டுப் போய் அவ ரூம்லயே வச்சிடு” என்றாள். “இங்கயே இருக்கட்டும்கா, ஷேர்ல வேலை செய்யுதுல்ல” என்றான். “எதுக்கு? அவ ஒருத்தி அடிக்கறதுக்கு நான் இந்த வெளிச்சத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?” என்றாள். கொஞ்சம் கடுமையாகவே வந்துவிட்டது. அவன் வயரைப் பிடுங்கினான். ஷேர் என்ற கட்டத்தில் போட்டிருந்த டிக்கை எடுத்தான். கம்ப்யூட்டரை அணைத்தான். அறை சட்டென்று மங்கியது. அவள் கண்ணுக்கு இதமாகத்தான் இருந்தது. கிழவரையோ நோயாளியையோ தூக்கிப் போவதைப் போல, பிரிண்டரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அவன் கூடத்தைக் கடந்து போவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டீச்சர் மத்தியானங்களில் வருவதை நிறுத்தவில்லை. படிக்க ஒன்றும் இல்லாததால் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு ஓடாத நாட்களில் டீச்சர் அங்கேயே ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்கிப்போவாள்.

நடுவில் இருந்த ஓட்டை மெல்லப் பெரிதாயிற்று. ஆட்களின் முகம் அதற்குள் விழுந்துவிட்டது. காது தெரியும், தோள் தெரியும், நெற்றிக்கு மேலே முடி தெரியும், முகம் தெரியாது. முகத்தைப் பார்க்க வேண்டுமானால் வேறெங்கோ பார்க்க வேண்டும் என்று அவளாகவே கண்டுபிடித்துக்கொண்டாள். தலையைக் கொஞ்சம் திருப்பி, கண்ணை ஒதுக்கி, ஓரத்தில் பிடிக்க வேண்டும். அப்போது மங்கலாக ஒரு மூக்கு, ஒரு சிரிப்பு சிக்கும். தெருவில் நின்று பேசும் பெண்களுக்கு அது தெரியாது. ‘அந்தம்மாவுக்கு ரொம்பத்தான் திமிரு, மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்குது’ என்று பேசிக்கொண்டார்கள். அவள் காதில் அது விழுந்தது. விளக்கம் சொல்லப் போகவில்லை.

ஒருநாள் காலையில் தம்பி வேலைக்குக் கிளம்பும்முன் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான். என்னவோ சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான்.

“என்னக்கா, என் மேல கோவமா? நான் பேசிட்டே இருக்கேன், நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அங்க பாக்கற?”

“உன்னத்தாண்டா பாத்துட்டிருக்கேன்” என்றாள் அவள், ஜன்னல் பக்கம் திரும்பியபடியே. “முடி நரைச்சிருக்கு உனக்கு. எப்ப இருந்து?”